நீர்மட்டத்துக்குக் கீழே எந்த சீலன்ட்?



கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அப்போது ஹார்டுவேர் கடைக்கு மட்டுமல்ல, கயிறும் எண்ணெயும் வைத்திருக்கும் கடலோர மளிகைக் கடைகளுக்கும் சீலன்ட் கேட்டு ஆட்கள் வருவார்கள். "தண்ணி ஒழுகாம இருக்க ஒரு டியூப் குடுங்க" என்பார்கள். நாமும் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தவறை நாமும் செய்திருக்கிறோம். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் பித்தளைக் குழாயை அடிப்பலகையில் பொருத்த வேண்டும் என்று கேட்டவருக்கு, குளியலறைக்கு விற்கும் சிலிக்கான் டியூபைக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் படகின் அடியறையில் நீர் ஏறிவிட்டது. பம்பு வைத்து இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் டியூபின் விலையைத் திருப்பிக் கொடுத்ததால் மட்டும் நம் மனம் ஆறவில்லை.

அன்று முதல் மூன்று கேள்விகளைக் கேட்காமல் நாம் சரக்கு எடுத்துக் கொடுப்பதில்லை. பொருத்தும் இடம் நீர்மட்டத்துக்கு மேலா, கீழா? எந்தப் பொருளோடு எந்தப் பொருளை ஒட்ட வேண்டும்? பின்னால் கழற்ற வேண்டி வருமா? இதற்கு விடை கிடைத்தால் எந்த டியூப் என்பது தானே தெரிந்துவிடும்.

1. சிலிக்கான்: கண்ணாடிக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் ஏற்றது. நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம். காயும்போது காடி வாடை அடிக்கும் ரகம் அமிலம் விடுவதால் பித்தளையையும் செம்பையும் அரிக்கும். ஒருமுறை பூசிய இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் எளிதில் ஒட்டாது.

2. பாலியூரித்தேன்: பைபர், மரம், உலோகம் மூன்றிலும் அழுத்தமாகப் பிடிக்கும், காய்ந்த பிறகும் ரப்பர்போல வளையும். நீர்மட்டத்துக்குக் கீழே நிலையாக இருக்கவேண்டிய பொருத்துகளுக்கு, லேபிளில் நீருக்கடியில் பயன்படும் என்று போட்டிருக்கும் ரகத்தைக் கொடுக்கலாம். கடும்பிடிப்பு ரகத்தைப் பின்னால் கழற்றுவது பெரும்பாடு. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

3. பாலிசல்பைடு: நீருக்கடியிலும் நிற்கும், டீசலையும் தாங்கும், பின்னால் கழற்றவும் முடியும். காய்வதற்கு அதிக நாளாகும். அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

4. பியூட்டைல் டேப்: காய்வதே இல்லை, மேல்தளத்தில் போல்ட் போடும் இடங்களுக்கு நல்லது. டீசல் பட்டால் இளகும். நீர்மட்டத்துக்குக் கீழே உதவாது.

5. எபாக்சி புட்டி: கல்போல இறுகும். ஓட்டையை அடைக்க உதவும். எஞ்சின் அதிரும் இடத்தில் பொருத்துக்குச் சீலன்டாக வைத்தால் விரிசல் விடும்.

சரக்கோடு நாலு வார்த்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, எண்ணெய்ப்பசை போக அசிட்டோனால் துடைத்து, ஈரமின்றிக் காயவிட வேண்டும். முதலில் போல்ட்டை லேசாக மட்டும் முடுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே போய்விடும். பசை ரப்பராக இறுகிய பிறகு, போல்ட்டை அசைக்காமல் நட்டை மட்டும் திருப்பி இறுக்க வேண்டும். ஒரே டியூபில் வரும் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால்தான் காய்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே லேபிளில் போட்டிருக்கும் நாள் முடியாமல் படகை நீரில் இறக்கக் கூடாது. "நாளைக்கே இறக்கணும்" என்பவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமாகாது.

இனி நம் கடைக் கணக்கு. இந்தச் சரக்குக்கு ஆயுள் குறைவு; பல ரகங்கள் திறக்காமலே ஓராண்டுக்குள் கெட்டுவிடும். தகரக் கூரை போட்ட கிடங்கில் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் இறுகும். எனவே தடைக்காலத்துக்கு வேண்டியதை மார்ச் மாதத்தில், உற்பத்தித் தேதி பார்த்து அளவாக வாங்குவோம். முதலில் வந்ததை முதலில் விற்போம். அமுக்கிப் பார்த்தால் கட்டியாக இருக்கும் டியூபைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிட வேண்டாம். அது நமக்கு மிச்சமான சரக்கு. கடலில் இருப்பவருக்கு அது படகின் அடியில் ஓர் ஓட்டை.

ஒரு டியூபில் நமக்குக் கிடைப்பது சில ரூபாய். அந்தப் படகில் போகிறவர்கள் ஐந்தாறு குடும்பத்தார். கேட்ட பொருள் நம்மிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, இருக்கும் கடைக்கு வழி காட்டுவோம். ஒரு விற்பனை போனாலும் வாடிக்கையாளர் நம்மிடம் திரும்பி வருவார்.