மெட்டுப் போட்டவங்க மனசு



கதை எழுதினால் நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். படம் வரைந்தால் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். மெட்டு அப்படி இல்லை. அது நல்லா இருக்கா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் யாராவது ஒருத்தர் காதில் விழுந்தே ஆக வேண்டும். பாடி முடித்துவிட்டு அந்த முதல் ஆளோட முகத்தைப் பார்க்கிறோமே, அந்த அரை நிமிஷம் பரீட்சை ரிசல்ட்டை விட மோசம். நானும் மெட்டுப் போடுகிறவள் என்பதால் சொல்கிறேன்.

இதில் அறிவியலும் கொஞ்சம் இருக்கிறது. ஒலி பற்றி நாம் படிக்கிறோம் இல்லையா? நாம் பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாகவும் அதிர்வு உள்காதுக்குப் போகிறது. எலும்பு வழியாக வரும்போது தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும். அதனால் நமக்கு நம்ம குரல் கனமாக, நிறைவாகத் தெரியும். செல்போனில் பதிவு செய்து கேட்டால் காற்று வழி வந்தது மட்டும்தான் இருக்கும். மெலிசாக, யாரோ பாடுற மாதிரி இருக்கும். “ஐயோ, இதுவா என் குரல்?” என்று பாதிப் பேர் அங்கேயே அழித்துவிடுகிறார்கள். மெட்டில் குற்றமே இருக்காது. ஆக, ஊரார் குறை சொல்வதற்கு முன்னாலேயே பாட்டுக்காரருக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது.

இப்போது ஒரு பெரிய ஆள் கதை. 2011-இல் அனிருத்துக்கு வயது 21. ‘3’ என்ற படம்தான் அவர் இசையமைத்த முதல் படம். அதற்காகப் போட்ட ‘ஒய் திஸ் கொலவெறி’ பாட்டை தனுஷ் எழுதிப் பாடியிருந்தார். பாட்டு முழுசாக முடிவதற்குள் அரைகுறையாக இருந்த ஒரு பதிவு இணையத்தில் கசிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 16.11.2011 அன்று படக்குழுவே பாட்டை வெளியிட்டது. அப்புறம் நடந்ததுதான் தெரியுமே, சரத்துக்குத் தீ வைத்த மாதிரி நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. படம் வந்ததோ அடுத்த வருஷம், 2012-இல்தான். பாராட்டோடு வசவும் வந்தது. ஜாவேத் அக்தர் என்ற புகழ்பெற்ற இந்திக் கவிஞர், மெட்டு சாதாரணம், வரிகள் மோசம் என்ற பொருளில் எல்லோரும் பார்க்க எழுதினார்.

நான் யோசிப்பது அந்தக் கசிவைப் பற்றித்தான். அடுப்பில் பாதி வெந்துகொண்டிருக்கிற குழம்பை யாரோ எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பந்தியில் பரிமாறினால் சமைத்தவங்களுக்கு எப்படி இருக்கும்? உப்பு இன்னும் போடலையே என்று யார் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அனிருத்துக்கு அது நல்லதாகவே முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியாது.

முடியாமல் போனவர் ஒருவர் ரஷ்யாவில் இருந்தார். செர்கெய் ராக்மனினாஃப் என்று பெயர் (வாயில் நுழைய எனக்கே இரண்டு நாள் ஆச்சு). அவருடைய முதல் சிம்பொனி 1897-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அரங்கேறியது. சிம்பொனி என்றால் வயலின், குழல், முரசு என்று ஒரு பெரிய கூட்டமே சேர்ந்து வாசிக்கும் நீளமான இசை, பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். அப்போது அவருக்கு வயது 23. வாசித்தவர்களுக்குப் போதுமான ஒத்திகை இல்லை, வாசிப்பு சொதப்பிவிட்டது. செசார் குய் என்ற விமர்சகர், நரகத்தில் ஒரு இசைக் கல்லூரி இருந்தால் அங்கே உள்ளவர்களுக்கு இது பிடிக்கும் என்கிற மாதிரி பத்திரிகையில் எழுதினார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று வருஷம் அந்த இளைஞரால் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவுமே எழுத முடியவில்லை. நிக்கோலாய் டால் என்ற டாக்டரிடம் 1900-இல் சிகிச்சைக்குப் போனார். டாக்டர் செய்தது, தினமும் உட்காரவைத்து, உன்னால் எழுத முடியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான். அடுத்த வருஷம் அவருடைய இரண்டாவது பியானோ கச்சேரி இசை முழுசாக அரங்கேறியது. இன்றைக்கும் உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். அதை அந்த டாக்டருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் திட்டு வாங்கிய அந்த முதல் சிம்பொனியை அவர் உயிரோடு இருந்தவரை யாரும் மறுபடி வாசிக்கவே இல்லை. அவர் 1943-இல் இறந்தார். அப்புறம்தான் அந்த நகரத்திலேயே வாத்தியக்காரர்களின் தாள்கள் கிடைத்து, 1945-இல் மாஸ்கோவில் வாசித்தார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்தது! குய் எழுதியபோது குறை மெட்டில் இருக்கா, வாசிப்பில் இருக்கா என்று கொஞ்சம் பிரித்துப் பார்த்திருக்கலாம். நம்ம பிரேயரில் மைக் கீச்சிடுவதற்குப் பாடுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதும் இதே கதைதான்.

அப்படியானால் குறையே சொல்லக் கூடாதா? நான் அதைச் சொல்லவில்லை. 2025-இல் லிடியன் நாதஸ்வரம் விஷயம் செய்தியில் வந்தது. 13 வயதில், 2019-இல், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து முதல் பரிசு வாங்கிய சென்னைப் பையன். தான் எழுதிய சிம்பொனியை இளையராஜாவிடம் போட்டுக் காட்டினார். இது சினிமாப் பின்னணி இசை மாதிரி இருக்கு, சிம்பொனி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு எழுது என்று அவரிடம் சொன்னதாக இளையராஜாவே ஒரு பேட்டியில் கூறினார். கடுமைதான். ஆனாலும் அதில் அடுத்து என்ன செய்யணும் என்பது இருக்கிறது. அறைக்குள் குரு சொன்னதில் தப்பில்லை என்பது என் கருத்து. அதே வார்த்தை உலகத்துக்கே கேட்கும்போதுதான் பத்தொன்பது வயசுப் பையனுக்கு வலிக்கும்.

எங்க ஊர் முளைப்பாரிக் கும்மியில் புதுசாக யாராவது ஒரு பாட்டை எடுத்துவிட்டால், வட்டத்தில் நிற்கிற கிழவிகள் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். கை தட்டிக்கொண்டே “இழுக்காதடி, தட்டுக்கு வரல” என்பார்கள். பாடுகிற அக்கா அடுத்த சுற்றில் ஒரு சொல்லைக் குறைத்துப் பாடிவிடுவார். அம்மாச்சியிடம் கேட்டேன், இப்படிச் சொன்னா கோவம் வராதா என்று. “பாட்டைத்தானடி சொல்லுதோம், அவளையா சொல்லுதோம்?” என்றது. குறை சொல்கிற கிழவியும் அதே பாட்டுக்குத்தான் கை தட்டுகிறாள் என்பதைக் கவனியுங்கள்.

நம்ம பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? நம்ம பக்கத்தில் ஒரு பாட்டு எடுபடாவிட்டால் ‘நமத்த வெடி’ என்பார்கள். எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி தானே மெட்டமைத்து ஒரு பாட்டை மரத்தடியில் தோழிகளிடம் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். யாரோ அவளுக்குத் தெரியாமல் செல்போனில் பிடித்து, அந்தப் பட்டத்தையும் போட்டு, சிரிக்கிற பொம்மைகளோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அவளும் அதைப் பார்த்துவிட்டாள். ஐந்து வாரமாகப் பிரேயரில் பாட வருவதில்லை. அனுப்பியவங்க யார் என்று எழுத இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அந்தப் பாட்டை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இரண்டாவது வரி எடுப்பிலேயே ரொம்ப உயரத்துக்குப் போகிறது, அதனால்தான் மூச்சு வாங்கி உடைகிறது. முழுப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கிப் பாடினால் சரியாகிவிடும். இதை அன்றைக்கே ஒருத்தர் அவளிடம் சொல்லியிருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த அத்தனை சிரிப்பில் ஒன்றுகூட அந்த இரண்டாவது வரியைப் பற்றி இல்லை. நமத்த வெடியைக்கூட நாம் உடனே குப்பையில் போடுவதில்லை, தீபாவளி அன்று வெயிலில் காயவைத்துத்தானே பார்க்கிறோம்!

வருகிற வெள்ளிக்கிழமை மதியம் சத்துணவுக்குப் பிறகு, தமிழ் அம்மாவின் அனுமதியோடு, ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் சொந்த மெட்டில் பாடப் போகிறோம். கேட்க வருகிறவர்கள் ஒரு துண்டுத்தாள் கொண்டு வாருங்கள். எந்த வரி பிடித்தது, எந்த வரி இடிக்கிறது என்று எழுதி, கீழே உங்கள் பெயரையும் போட்டுக் கொடுங்கள். என் பாட்டில் மூன்றாவது வரி தாளத்தில் சரியாக உட்காரவில்லை என்று எனக்கே சந்தேகம், அதை முதலில் பாருங்கள். அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டிருக்கிறேன். பாடுவாளா என்று தெரியாது. செல்போன் யாரிடமும் இருக்கக் கூடாது என்றால் வந்து உட்காருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.