'ஓகே' வாங்கும் கலை: பெண்ணாடத்தில் அப்பர் போட்ட விண்ணப்பமும் உளவியலும்

மேனேஜரிடம் லீவ் கேட்பதில் தொடங்கி, ஹவுஸ் ஓனரிடம் அட்வான்ஸைக் குறைக்கச் சொல்வது வரை, தினமும் யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். சிலர் கேட்டால் மட்டும் உடனே நடக்கிறதே, எப்படி?

விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் பெண்ணாடத்துக்கு ஒரு எட்டு போய் வரலாம். தேவாரத்தில் இந்த ஊர் சிவன் கோயிலின் பெயர் தூங்கானைமாடம். 7-ம் நூற்றாண்டில் இங்கே வந்த அப்பர், ஒருகாலத்தில் சமணத்தில் இருந்த உடம்போடு இனி வாழப் பிடிக்காமல், சூலக் குறியும் இடபக் குறியும் தன்மேல் பொறிக்கும்படி சிவனிடம் கேட்டார். கேட்டது கிடைத்தது என்கிறது பெரியபுராணம்.

கவனிக்க வேண்டியது அவர் கேட்ட விதத்தை. நான்காம் திருமுறையில் உள்ள அந்தப் பாடலில் 'விண்ணப்பம்' என்ற சொல்லே வருகிறது. இருப்பது ஒரே ஒரு கோரிக்கை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். என்ன வேண்டும் என்பதில் மழுப்பல் இல்லை. முக்கியமாக, என் உயிரைக் காக்க உனக்கு விருப்பம் இருந்தால் செய் என்று முடிவைக் கேட்கப்பட்டவர் கையிலேயே விட்டுவிடுகிறார். அப்பர் டெக்னிக் பார்த்துப் பாடவில்லை, அது பக்தி. ஆனால் உளவியல் பின்னாளில் சோதித்துப் பார்த்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

2000-ல் வெளியான ஆய்வு அது. பிரான்ஸில் தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டார்கள். சும்மா கேட்டபோது கொடுத்தவர்கள் 10%. 'தருவதும் தராததும் உங்கள் விருப்பம்' என்று சேர்த்துக் கேட்டபோது 47.5%. வற்புறுத்தினால் நமக்கு வீம்பு வருகிறது. மறுக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனசு இளகுகிறது. 'நாளைக்கு லீவ், வேற வழியில்ல சார்' என்பதைவிட, 'வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவ் வேணும் சார், ரிலீஸ் இருந்தா நீங்களே சொல்லுங்க' என்பது எடுபடுவது அதனால்தான்.

காரணம் சொல்வதும் உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். 1978-ல் எலன் லாங்கர் குழு ஜெராக்ஸ் வரிசையில் நடத்திய சோதனையில், ஐந்து பக்கம் எடுக்க 'காப்பி எடுக்கணும், அதனால' என்ற உப்புச்சப்பில்லாத காரணத்துக்கே 93% பேர் வழிவிட்டார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துபவர்கள் நிறைய. 20 பக்கம் என்றதும் அந்தச் சாக்கு செல்லவில்லை என்பதுதான் மீதிக் கதை: வெறும் 24%. காரணமே சொல்லாதவர்களுக்குக் கிடைத்ததும் அதே 24%தான். பெரிய கோரிக்கைக்கு உண்மையான காரணம் வேண்டும்.

இன்னொரு வழி, சின்னதாகத் தொடங்குவது. 1966-ல் கலிஃபோர்னியாவில், வீட்டு வாசலில் பெரிய, அழகில்லாத 'கவனமாக ஓட்டுங்கள்' பலகை வைக்க நேரடியாகக் கேட்டபோது சம்மதித்தவர்கள் சுமார் 17%. முன்பே அதே விஷயத்துக்காக ஒரு குட்டி அட்டையை ஒட்டச் சம்மதித்தவர்களிடம் கேட்டபோது 76%.

டெலிகிராமில் வரும் 'பார்ட் டைம் ஜாப்' மோசடியின் அடித்தளமே இதுதான். முதலில் வீடியோவுக்கு லைக் போடச் சொல்வார்கள், கொஞ்சம் பணமும் வரும். அடுத்து 'டாஸ்க்' முடிக்க ஆயிரம் கட்டச் சொல்வார்கள், பிறகு பத்தாயிரம், லட்சம். ஒவ்வொரு படியிலும் 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்ற எண்ணம்தான் நம்மைத் தள்ளும். வேண்டாம் என்றால் போட்ட பணம் போய்விடும் என்று மிரட்டும் இடத்தில் விருப்பத்துக்கு வேலையே இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டு 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.