சேலம் சிறையில் நம் ஊரார்



அறுவடைப் பண்டிகைக்காக ஒரு கிராம சபைக்குச் சென்றிருந்தேன். நம் மருத்துவமனையிலிருந்து சிறைவாசிகளின் குடும்பங்களுக்குச் செய்யும் சிறு உதவிகளைப் பற்றியும் அன்று பேசினேன். ஆராதனை முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "ஐயா, நோயாளிகளுக்குன்னா கொடுக்கிறோம். ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு எதுக்குங்க? தப்பு செஞ்சவங்கதானே?" என்று கேட்டார்கள்.

நேர்மையான கேள்வி. நம்மில் பலர் மனதில் இருந்தும் வாய் திறந்து கேட்காத கேள்வி. பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை. அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் இப்பொழுது எழுதுகிறேன்.

நான்கு மாவட்டங்களுக்கு ஒரு சிறை

தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. நாமக்கல் 1997-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும் தனி மாவட்டங்களாயின. கலெக்டர் அலுவலகங்கள் பிரிந்தன, நீதிமன்றங்கள் பிரிந்தன. ஆனால் சேலம் அஸ்தம்பட்டியில் 1862-இல் ஏற்பட்ட மத்திய சிறை இந்த நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவாகவே இருந்து வருகிறது. தமிழ்நாட்டிலுள்ள ஒன்பது மத்திய சிறைகளில் அது ஒன்று.

சிறிய வழக்குகளில் கைதாகிறவர்கள் முதலில் பக்கத்து ஊர்க் கிளைச்சிறையில் வைக்கப்படுவதுண்டு. பெரிய வழக்குகளில் சிக்கியவர்களும் நீண்ட தண்டனை பெற்றவர்களும் மத்திய சிறைக்குப் போகிறார்கள். பெண்களுக்குத் தனிச் சிறைகள் உண்டு. தண்டனை பெற்ற பெண்கள் வேலூர், கோயம்புத்தூர் போன்ற இடங்களிலுள்ள பெண்கள் தனிச்சிறைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை வேறு எவரிடமும் விட வழியில்லாத தாய், அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2006-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

சிறையை நடத்துவது போலீஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிறைத்துறை தனித் துறை. கண்காணிப்பாளர், ஜெயிலர், வார்டர்கள், மருத்துவர், நல அலுவலர், மனவியலாளர் ஆகியோர் அங்கே பணிபுரிகிறார்கள். ஆனால் கைதியை நீதிமன்றத்துக்கோ பெரிய மருத்துவமனைக்கோ வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமானால் ஆயுதப்படைப் போலீசார் வழிக்காவலுக்கு வரவேண்டும். திருவிழா, தேர்தல், முக்கியத் தலைவர்களின் வருகை என்று அவர்கள் வேறிடம் போய்விட்டால் வாய்தா தள்ளிப்போகும், ஸ்கேன் எடுக்கும் தேதியும் தள்ளிப்போகும். இப்பொழுது வாய்தாக்களில் பல காணொலி மூலம் நடைபெறுவது ஓரளவு ஆறுதல்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

உள்ளே மூன்று வகையினர் இருக்கிறார்கள். வழக்கு நடந்து, குற்றம் நிரூபிக்கப்பட்டு, தீர்ப்புப் பெற்றவர்கள் தண்டனைக் கைதிகள். வழக்கு முடியாமல் காத்திருப்பவர்கள் விசாரணைக் கைதிகள். குண்டர் சட்டம் போன்ற சட்டங்களின்கீழ் முன்னெச்சரிக்கையாக அடைக்கப்பட்டவர்கள் தடுப்புக் காவலில் உள்ளவர்கள்.

அருமையானவர்களே, இதைக் கவனியுங்கள். 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூன்று பேர்! இவர்களைக் குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிபதியும் சொல்லவில்லை. ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்கு முதல் பதில்: தப்பு செய்தார்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

உடலைக் கவனிக்கும் விதம்

புதிதாக வருகிறவரின் பெயர், அங்க அடையாளம், கையிலிருந்த பொருட்கள் எல்லாம் பதிவாகின்றன. பின்பு மருத்துவர் பார்க்கிறார். எடை, பழைய நோய், உடலிலுள்ள காயம் யாவும் எழுதப்பட வேண்டும். இது வெறும் சடங்கு அல்ல. காயம் சிறைக்கு வருமுன்னே ஏற்பட்டதா, வந்தபின் ஏற்பட்டதா என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி.

காலையில் கதவு திறப்பதும், மாலையில் எண்ணிக்கை எடுத்துப் பூட்டுவதும், மூன்று வேளை உணவும் விதிப்படி நடக்கின்றன. தண்டனைக் கைதிகளுக்கு நெசவு, தையல், சமையல் என வேலை தரப்பட்டு அதற்குக் கூலியும் உண்டு. சாதியைப் பார்த்துச் சமையலையும் துப்புரவையும் பங்கிடும் பழைய வழக்கமும், அதற்கு இடமளித்த விதிகளும் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நெருக்கமான இடத்தில் பலர் சேர்ந்து உறங்குவதால் காசநோயும் சொறி சிரங்கும் எளிதில் பரவும். மது பழகியவருக்கு உள்ளே வந்த முதல் சில நாட்களில் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். மனச்சோர்வினால் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறவர்களும் உண்டு. சிறை மருத்துவமனையில் முடியாததற்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இலவச சிகிச்சை கைதிக்குக் காட்டும் தயவு அல்ல. ஒருவரைப் பூட்டி வைக்கிறபோது, அவர் தானே மருந்துக்கடைக்குப் போக முடியாதபடி செய்கிறோம். ஆகவே அந்தப் பொறுப்பு பூட்டியவரைச் சேருகிறது.

மனு பார்க்கும் நாள்

கைதியைச் சந்திக்கப் போவதை நம் மக்கள் "மனு பார்க்கப் போறோம்" என்பார்கள். தருமபுரியிலிருந்து சேலம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வருகிற பெண், விடியுமுன் புறப்பட்டு, பேருந்து மாறி, மனு எழுதிக் கொடுத்து, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, சில நிமிடங்கள் கணவனோடு பேசிவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறாள். ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் கட்டணமும் போயிற்று. ஆதார் அட்டையை மறந்து வந்தால் எல்லாம் வீண். தொலைபேசியில் பேச இப்பொழுது வசதி உண்டு என்றாலும், முகத்தைப் பார்ப்பது வேறு. சில குடும்பங்கள் இரண்டு மூன்று முறை வந்தபின் நின்றுவிடுகின்றன. அன்பு குறைந்து அல்ல, கையில் பணமில்லாமல்.

கதவு திறந்தும் வெளியே வராதவர்கள்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றத்துக்குத் தக்கபடி 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்க உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, முதல் முறையாக வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும். மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய வழக்குகளுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

ஆனால் ஜாமீன் உத்தரவு கிடைத்ததும் கதவு தானாகத் திறந்துவிடுவதில்லை. ஜாமீன்தாரர்கள் வரவேண்டும், பெரும்பாலும் இருவர். வீட்டு வரி ரசீது, சொத்துச் சான்று என்று கேட்பார்கள். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு ஏது வீட்டு வரி ரசீது? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகிறவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

இது புதிய துன்பம் அல்ல. இங்கிலாந்தில் 1773-இல் பெட்ஃபோர்டு பகுதியின் ஷெரீபாகப் பொறுப்பேற்ற ஜான் ஹோவர்ட் என்ற பக்தியுள்ள மனிதர், குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தவர்களும் ஜெயிலருக்குக் கட்டணம் செலுத்த முடியாமல் மறுபடியும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டதைக் கண்டு திடுக்கிட்டார். அதுமுதல் ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்து, 1777-இல் தாம் கண்டதைப் புத்தகமாக வெளியிட்டார். நம் நாட்டில் 1978-இல் மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுக்கப்பட்டது. நீதிபதி கிருஷ்ண ஐயர் அதைக் கடிந்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் செய்தார்.

2023 ஜனவரி 31-ஆம் தேதி உச்சநீதிமன்றம் இன்னொரு வழியும் செய்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களாகியும் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே ஆண்டில் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கி, ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று விதி வகுத்தது. வழி இருக்கிறது. வழி இருப்பதை அந்த மலைக்கிராமத்துப் பெண்ணுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வாச்சாத்தியை மறக்கலாமா?

நம் மாவட்டத்தார் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் அரூர் பக்கத்திலுள்ள வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். 90 பெண்களும் 15 ஆண்களும் 28 குழந்தைகளுமாக 133 பேர் கைதாகிச் சேலம் மத்திய சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்நாட்களில் சிறை வாசலில் அவர்களைப் பார்த்தவர் என்ன நினைத்திருப்பார்? "கடத்தல்காரர்கள்" என்றுதானே? 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது அந்த மக்களை அல்ல. அவர்களைச் சிறைக்கு அனுப்பிய 269 அரசு ஊழியர்களை. அதற்குள் இறந்துபோனவர்கள் நீங்கலாக 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சிறைக்குள் இருப்பது ஒருவரைக் குற்றவாளியாக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

நான் செய்த பிழை

இனி என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கூலித் தொழிலாளி இருமலோடும் இரத்தத்தோடும் நம்மிடம் வந்து சேர்ந்தார். காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தியிருந்தார். நான் படுக்கையருகே நின்று, எல்லாரும் கேட்கும்படி, "தம்பி, முதல்ல எங்கே மாத்திரை வாங்கினீங்க?" என்று கேட்டேன். "சேலத்துலங்க ஐயா" என்றார். "சேலத்துல எந்த ஆஸ்பத்திரி?" என்றேன். அவர் பேசவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துக்கொண்டே, "மாமியார் வீடா இருக்கும்" என்றார். வார்டு முழுவதும் சிரித்தது.

மறுநாள் காலை அந்தப் படுக்கை காலியாக இருந்தது.

பின்பு நம் சுகாதாரப் பணியாளர் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் முழு விவரம் தெரிந்தது. சிறையிலே மருத்துவர் நோயைக் கண்டுபிடித்து, முறையாக மாத்திரை கொடுத்திருக்கிறார். மனைவி ஆடுகளை விற்று அலைந்து, இரண்டு மாதம் கழித்து ஜாமீன் எடுத்தாள். வெளியே வந்தவர், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. ஆறு மாதம் சாப்பிடவேண்டிய மருந்து இரண்டு மாதத்தில் நின்றது. நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மாத்திரையை முழுவதும் சாப்பிட்டுச் சுகமானார். வழக்கு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

கிறிஸ்துமஸ் நாளில் கேக் கொண்டுபோவது நல்லதுதான். ஆனால் மற்ற நாட்களில் தேவைப்படுவது வேறு. உங்கள் ஊரில் ஒருவர் கைதானால், அவருடைய வீட்டாருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்று சொல்லுங்கள். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பாராமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவ வேண்டும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நன்கு அறிந்தவரானால், யோசித்து, ஜாமீன் நிற்கத் துணியுங்கள். மனு பார்க்கப் போகும் மனைவிக்குப் பஸ் கட்டணம் கொடுங்கள். விடுதலையாகி வருகிறவரிடம், "மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள். சத்தமாகக் கேட்காதீர்கள்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், சிறையிலிருந்தவரைப் பார்க்கப் போனதைத் தம்மையே பார்க்க வந்ததாக எண்ணுகிறார். அந்தச் சிறைவாசி குற்றம் செய்தவரா இல்லையா என்று அங்கே சொல்லப்படவில்லை. என்னிடம் கேள்வி கேட்ட அம்மாவுக்கு என் கடைசிப் பதில் அதுவே.

தங்கள் ஜெபங்களை நாடும்,
மருத்துவமனைப் போதகர்