எட்டு வாரம்: உடம்புக்கு ஒரு கிரான் ஜாப்



இந்த வார எபிசோடில் ஷெட்யூலர்கள் பற்றிப் பேசினோம் இல்லையா? அதில் சொல்ல நேரமில்லாமல் போன ஷெட்யூல் ஒண்ணு இருக்கு. அது என் கையில் டிரிப்பாக ஏறுவது.

எனக்கு க்ரோன்ஸ் நோய். இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து. முதல் டோஸ், பிறகு 2-ஆவது வாரம், 6-ஆவது வாரம், அதுக்கப்புறம் 8 வாரத்துக்கு ஒரு முறை. க்ரோன்ஸுக்கு ஒரு கிரான் ஜாப்!

ஆனா உடம்பு காலண்டர் பார்த்து மருந்தைச் செலவழிக்கிறதில்லை. ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய சுமார் 8, 9 நாள் ஆகும். அழற்சி அதிகமா இருந்தாலோ, ஆல்புமின் குறைவா இருந்தாலோ இன்னும் சீக்கிரம் தீர்ந்துடும். எனக்கு ஏழாவது வாரமே வயிற்றுவலி திரும்பிடும்.

இதைக் கண்டுபிடிக்க அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்து 'ட்ரஃப் லெவல்' பார்க்கிறாங்க. நோய் அடங்காதவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமாவது இருக்கணும் என்பது அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். எனக்கு 2 தான் இருந்தது. இடைவெளியை 6 வாரமாகச் சுருக்கினாங்க, வலி நின்னுது.

எல்லாருக்கும் முன்கூட்டியே அளந்து மாத்தணுமா? 2018-இல் வந்த டெய்லோரிக்ஸ் ஆய்வில் பெரிய பலன் தெரியல. 2021-இல் வந்த பிரிசிஷன் ஆய்வில், ஒவ்வொருத்தர் ரத்த அளவையும் வைத்து மென்பொருள் டோஸைக் கணித்தது. ஒரு வருஷம் கழித்து அந்தக் குழுவில் 88% பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கமான குழுவில் 64%. ஆய்வில் சேர்ந்தவர்கள் 80 பேர்தான். விவாதம் இன்னும் முடியல.

நம்ம ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒண்ணு: ஊர்ப் பயணம். நான் லண்டனில், குடும்பம் மதுரையில். "கல்யாணம் முடிஞ்சு போய் ஊசி போட்டுக்கோயேன்பா, ஒரு மாசம்தானே" என்பார் அம்மா. ஆனா நீண்ட இடைவெளி விட்டுவிட்டுப் போட்டால், மருந்துக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி உண்டாக்கும் வாய்ப்பு கூடும். அப்புறம் அந்த மருந்தே பலிக்காமல் போகலாம். இருக்கிற மருந்துகளோ கொஞ்சம்தான்.

அதனால் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி உங்க மருத்துவக் குழுவிடம் தேதியைச் சொல்லுங்க. டோஸைச் சில நாள் முன்னாடி போட முடியுமான்னு கேளுங்க. ட்ரஃப் லெவல் கடைசியா எப்போ பார்த்தாங்கன்னும் கேளுங்க.

உங்க அனுபவத்தை இந்த மெயிலுக்கே பதிலா எழுதுங்க. அடுத்த வாரம் பேசலாம்.