ஒரு வீடு, மூன்று தேய்மானம்

"வீட்டுக்கு என்னங்க விலை, மனைக்குத்தான் விலை." விழுப்புரம் மாவட்டத்துக் கோலியனூர் கூட்டு ரோட்டில் ஒரு சாலை புதுச்சேரிக்கும் இன்னொன்று பண்ருட்டிக்கும் பிரிகிறது. அந்தப் பக்கம் பழைய வீட்டுக்குக் கிரயம் பேசப் போனால் முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். மண் தேயாது, கட்டடம் தேயும் என்பது மதிப்பீட்டுக் கணக்கின் அடிப்படை. அதுவரை சரி. ஆனால் எதனால் தேய்ந்தது என்று கேட்காமல் வீட்டையே தள்ளிவிடுவது, காய்ச்சல் என்றதும் எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி.

வழக்கமான கணக்கு எளிது. கான்கிரீட் வீட்டின் ஆயுள் 60 ஆண்டு, இடித்தால் தேறும் கம்பி, கதவு, ஜன்னலுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வயது 20. இன்று அதையே புதிதாகக் கட்ட 20 லட்சம் ஆகும். மீதி 90 சதவீதத்தை 60 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம். 20 ஆண்டுக்கு 30 சதவீதம், அதாவது 6 லட்சம் கழிந்து, நிற்பது 14 லட்சம்.

இந்தக் கணக்கில் வீடு ஒரே சீராகத் தேய்கிறது. கான்கிரீட் அப்படித் தேய்வதில்லை. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பிக்குக் கவசம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி அதைக் குறைக்கிறது. 9 அளவுக்கு வந்துவிட்டால் கவசம் போய்விடும், ஈரம் பட்டதும் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். பழைய தொகுப்பு வீட்டுக்குள் படுத்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்: காரை உதிர்ந்து, செம்பழுப்பாகக் கம்பி தொங்கும், பாய்க்குப் பக்கத்தில் கட்டி விழுந்து கிடக்கும்.

இதில் ஒரு கணக்கு முக்கியம். அந்த வாயு 10 மில்லிமீட்டர் இறங்கப் பத்து ஆண்டு ஆகிறதென்றால், 20 மில்லிமீட்டர் இறங்க நாற்பது ஆண்டு ஆகும். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டையின் கனம் பாதியானால், துரு தொடங்கும் காலம் கால் பங்காகிவிடும். தளம் போட்ட அன்றைக்கே வீட்டின் வயது பெருமளவு முடிவாகிவிடுகிறது. சோதிக்கவும் வழி உண்டு. ஒரு மூலையில் கொத்திப் பார்த்து, பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், போன இடம் வெறுமையாகவே இருக்கும். இருபது வயது வீடு என்பதைவிட அந்த ரோஸ் எங்கே தொடங்குகிறது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

இது முதல் வகை, உடல் தேய்மானம். இரண்டாவது வகையில் சுவரில் ஒரு கீறல்கூட இருக்காது. முற்றம் வைத்த மெட்ராஸ் ஒட்டு வீடு, தேக்குக் கட்டை, சுண்ணாம்புக் காரை, இன்னும் ஒரு தலைமுறை நிற்கும். ஆனால் கழிப்பறை கொல்லைக்கோடியில், ஓர் அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போகமுடியும், கார் நிறுத்த இடமில்லை. வீடு கெடவில்லை, நம் வாழ்க்கை மாறிவிட்டது. இதைப் பயன்பாட்டுத் தேய்மானம் என்கிறார்கள். கழிப்பறை கட்டும் செலவைவிட அதனால் கூடும் விலை அதிகமென்றால் அது தீரும் குறை. உட்சுவர்களை இடித்தால்தான் சரியாகும், செலவு விலையைத் தாண்டும் என்றால் தீராக் குறை.

மூன்றாவது, வீட்டு எல்லைக்கு வெளியிலிருந்து வருவது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர், தரையில் என்ன கல் என்று கேட்பதற்கு முன்னால், "அந்தப் புயல்ல தண்ணி வந்துச்சா?" என்று கேட்கத்தானே செய்வார்! சாலையும் அப்படித்தான். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் வாசற்படி பள்ளமாகி மழைநீர் கூடத்துக்கு வரும். 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே சாலை போடவேண்டும் என்று உத்தரவிட்டார். வெளிக் காரணத் தேய்மானத்தை வீட்டுக்காரரால் தீர்க்க முடியாது என்று மதிப்பீட்டுப் பாடம் சொல்லும். நம் ஊரிலோ அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டையே சில அடி தூக்கிவிடுகிறார்கள். சாலை செய்த குறைக்குச் செலவு மட்டும் வீட்டுக்காரருடையது.

சாலைக்காக வீட்டையே எடுக்கும்போதுதான் இந்தக் கழித்தல் மிகவும் வலிக்கும். மேலே சொன்ன 14 லட்சத்தைக் கையில் கொடுத்தால் அந்தக் குடும்பம் எங்கே போய் வீடு கட்டும்? இருபது வருஷத்துப் பழைய சிமெண்டை எந்தக் கடையிலும் விற்பதில்லை. உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களில், இடிக்கப்படும் வீட்டுக்கு இழப்பீடு கணக்கிடும்போது தேய்மானத்தைக் கழிக்கக்கூடாது என்று விதியே உண்டு. அங்கே அந்த வீட்டுக்கு 20 லட்சம்தான்.