கருவுக்கு முன்பே சேர வேண்டிய உப்பு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கிருந்து கிழக்கே கழுவெளி ஏரியைத் தாண்டிப் போனால் மரக்காணத்து உப்பளங்கள். உப்பு விளைகிற ஊர்ப்பக்கத்தில் பாத்தியில் வாரிய கல்லுப்பு நேராக அடுப்பங்கரைக்கு வந்துவிடுவது எளிது. அப்படி வரும் உப்பில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்காது. 2018-19இல் நாடு முழுவதும் நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான், மாநிலங்களில் கடைசி இடம். உப்பு விளைச்சலில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்துக்கு இந்த நிலை. இதைக் கழுத்துக் கழலை பற்றிய பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறக்கப்போகும் குழந்தையின் மூளை சம்பந்தப்பட்ட விஷயம் இது.

கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து சேரவும், நரம்பிழைகளின் மேல் உறை படியவும் தைராய்டு ஹார்மோன் தேவை. அந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை பெரும்பாலும் தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. 1966இல் பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் தொடங்கிய ஓர் ஆய்வு இதை மறுக்க முடியாதபடி காட்டியது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போட்டார்கள்; மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. அயோடின் பெறாத தாய்மாருக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேர் செவித்திறனும் பேச்சும் அறிவு வளர்ச்சியும் கெட்ட நிலையில் இருந்தார்கள். அயோடின் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 498 பேரில் அப்படி இருந்தவர்கள் 7 பேர். அந்த ஏழில் ஆறு குழந்தைகள், தாய்க்கு ஊசி போட்டபோதே கருவில் இருந்தவர்கள். என் பார்வையில் அந்த ஆய்வின் உயிர்நாடி இந்த ஆறு பேர்தான். மருந்து தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வாழ்க்கை சொல்கிறது. கர்ப்பம் தெரிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, அதன்பிறகு மாத்திரை கொடுப்பது பல பெண்களுக்குத் தாமதமாகிவிடும். கருவுறும் முன்பே தாயின் உடம்பில் அயோடின் இருப்பு இருக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே, பள்ளிக்குப் போகும் பெண்ணையும் புதுமணப்பெண்ணையும் ஒன்றுபோல எட்டுகிற பொருள் சமையல் உப்பு ஒன்றுதான்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பெங்களூரிலும் பாங்காக்கிலும் 832 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வில், ஒரு பிரிவுக்குத் தினமும் 200 மைக்ரோகிராம் அயோடினும் மற்றதற்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. 2017இல் முடிவு வெளியானது. ஐந்து, ஆறு வயதில் சோதித்தபோது இரு பிரிவுக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை. ஆனால், 2013இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, கர்ப்பத்தில் அயோடின் குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகள் எட்டு வயதில் மொழி சார்ந்த அறிவுத்திறனிலும், ஒன்பது வயதில் வாசிப்பிலும் பின்தங்கியதைக் கண்டது. லேசான குறைபாடு எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெங்களூரும் பாங்காக்கும் அயோடின் உப்பு ஏற்கெனவே பரவிய நகரங்கள். அங்குள்ள பெண்களுக்கு இருந்தது லேசான குறைவு. மாத்திரையும் கருவுற்ற பின்புதான் தரப்பட்டது. ஆகவே அந்த ஆய்வைக் காட்டி உப்பில் அயோடின் வேண்டாம் என்று சொல்வது பொருந்தாது. உப்பில் அயோடின் ஒழுங்காக இருக்கும் ஊரில் கூடுதல் மாத்திரைக்கு அவசியம் குறைவு என்றே நான் அதைப் படிக்கிறேன்.

கடற்கரை ஓரத்து மக்களுக்கு அயோடின் எதற்கு, கடலில்தான் இருக்கிறதே என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பும், 60 மைக்ரோகிராம் அளவுக்கு அயோடினும் இருக்கின்றன. அவ்வளவு அயோடினும் உப்போடு தங்கினாலும் பத்து கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150, கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் தேவை. விற்பனைக்கு வரும் அயோடின் உப்பில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதன் பத்து கிராமே 150 மைக்ரோகிராம் தந்துவிடும். கடல்மீனிலும் பாலிலும் அயோடின் உண்டு, ஆனால் அவை எல்லார் தட்டிலும் தினமும் இருப்பதில்லை. ரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறார்களே என்றால், குறைக்கத்தான் வேண்டும். உண்ணும் அளவு குறைந்தால் உப்பில் சேர்க்கும் அயோடினைக் கூட்டிக்கொள்ள முடியும்.

அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கு விற்கக் கூடாது என்ற தடையை மத்திய அரசு 2000இல் விலக்கி, 2006 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. அது சிறிய உற்பத்தியாளர்களை நசுக்கும் என்ற குறைக்கு இன்னும் சரியான பதில் சொல்லப்படவில்லை. வெயிலில் கால் வெடிக்க உப்பு வாருகிறவர் தலையில் அயோடின் சேர்க்கும் செலவைக் கட்டுவது அநீதி. கல்லுப்பைக் கைவிட்டுத் தூள் உப்புக்கு மாறவும் தேவையில்லை. உப்பில் அயோடின் சேர்க்கப் பயன்படும் பொட்டாசியம் அயோடேட் கரைசலைக் கல்லுப்பின் மேலும் தெளிக்கலாம். சீராகப் படிகிறதா என்று பரிசோதிக்க வேண்டும், அவ்வளவுதான். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பைத் தயாரிக்கிறது. அது சத்துணவுக் கூடங்களுக்குப் போகிறது. மரக்காணத்துச் சிறு பாத்திக்காரர்கள் மூட்டை கட்டும் இடத்திலேயே அரசுச் செலவில் தெளிப்பு எந்திரம் வைக்கலாம். வீட்டுக்கென்று உப்பை எடுத்துப் போகும் தொழிலாளிக்கும் தெளித்த உப்பே கிடைக்கும்படி செய்யலாம். அங்கன்வாடிப் பணியாளர் கையில் மாவுச்சத்து சேர்ந்த அயோடின் சோதனைக் கரைசல் புட்டி ஒன்று இருந்தால், ஒரு சொட்டு விட்டு, உப்பு நீலமாகிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் முன்னாலேயே பார்த்துவிடலாம்.