சமபலம் கொண்ட இருவரின் ஆட்டம்

சதுரங்கத்தில் வல்லவரும் புதியவரும் மோதினால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இருவரும் சமபலம் உடையவர்களானால் என்ன நடக்கும்? சோவியத் நாட்டு வீரர்களான கார்ப்போவ், காஸ்பரோவ் இருவரும் ஆடிய ஓர் ஆட்டத்தைக் கொண்டு இதனை நாம் அறிந்துகொள்வோம்.

1984இல் தொடங்கிய அவர்களது முதல் உலகப் பட்டப் போட்டியில் 48 ஆட்டங்கள் நடந்தன. அவற்றுள் 40 சமநிலையில் முடிந்தன. 1985 பிப்ரவரியில் போட்டி முடிவின்றியே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நடந்த மறுபோட்டியில் காஸ்பரோவ் வென்று பட்டம் பெற்றார்.

1987இல் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் அவர்கள் மீண்டும் மோதினர். மொத்தம் 24 ஆட்டங்கள். வெற்றிக்கு ஒரு புள்ளி. சமநிலைக்கு அரைப் புள்ளி. இருவரும் 12 புள்ளிகள் பெற்றால் பட்டம் பழைய வீரருக்கே. 23 ஆட்டங்கள் முடிந்தபோது கார்ப்போவுக்கு 12, காஸ்பரோவுக்கு 11. எஞ்சியது ஒரே ஆட்டம். கார்ப்போவுக்குச் சமநிலை போதும். காஸ்பரோவோ வென்றே ஆக வேண்டும்.

இந்நிலையில் உடனே பாய்ந்து தாக்கவே யாருக்கும் தோன்றும். காஸ்பரோவ் அப்படிச் செய்யவில்லை. அமைதியாகத் தொடங்கினார், காய்களை வெட்டிக்கொள்வதைத் தவிர்த்தார். ஏன்? பலகையில் காய்கள் குறையக் குறைய, சமநிலை காண்பது எளிதாகும். காய்கள் மிகுந்திருந்தால் எதிராளி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சிந்திக்க வேண்டும், கடிகாரமோ காத்திராது. அப்போட்டியில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டரை மணி நேரமே இருந்தது. கார்ப்போவுக்கு நேரம் நெருக்கியது, தவறு நேர்ந்தது, ஒரு சிப்பாயை இழந்தார்.

அன்று ஆட்டம் முடியவில்லை. அக்கால வழக்கப்படி, அடுத்த நகர்த்தலை எழுதி உறையிலிட்டு நடுவரிடம் ஒப்படைத்து, மறுநாள் தொடர்ந்தனர். காஸ்பரோவிடம் கூடுதலாக இருந்தது ஒரே ஒரு சிப்பாய். அதைக் கொண்டே பொறுமையாக நெருக்கினார். 64ஆம் நகர்த்தலுக்குப் பின் கார்ப்போவ் தோல்வியை ஏற்றார். புள்ளிகள் 12க்கு 12. பட்டம் காஸ்பரோவிடமே நிலைத்தது.

1990 வரை ஐந்து பட்டப் போட்டிகளில் இவ்விருவரும் 144 ஆட்டங்கள் ஆடினர். காஸ்பரோவ் வென்றவை 21, கார்ப்போவ் வென்றவை 19, சமநிலை 104. இத்தகைய சமபலத்தில் வெற்றி தோல்வியைப் பிரிப்பது பெரும்பாலும் நிதானமே. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நம் பிள்ளைகள் சதுரங்கப் பலகையின் முன் அமரும்போது, காய்களை நகர்த்தும் முறையோடு இதையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம்.